சார்ஜரா, கேபிளா? அளந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

போனில் சார்ஜ் மெதுவாக ஏறினால் உடனே சார்ஜரை மாற்றத் தோன்றும். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. ஆண்ட்ராய்டு போன் என்றால், சார்ஜ் ஆகும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்பியர் (Ampere) போன்ற ஒரு இலவசச் செயலியே போதும்.

செயலியில் தெரியும் மில்லிஆம்பியர் எண், போன் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது போக பேட்டரிக்குள் போகும் மிச்சம். திரை வெளிச்சத்தைக் கூட்டினாலே எண் சரசரவென இறங்கும். அதனால் ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, உறையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 80-ஐத் தாண்டினால் போன் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அங்கே நல்ல சார்ஜரும் மட்டமாகத்தான் தெரியும். சூடான போனும் இப்படித்தான் ஏமாற்றும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே சார்ஜரில் கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். கடைசியில் முதல் கேபிளை மறுபடி செருகிப் பாருங்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் இடையில் சூடோ சார்ஜ் அளவோ மாறியிருக்கிறது. அந்தச் சோதனை செல்லாது. தேறிய கேபிளை வைத்துக்கொண்டு சார்ஜர்களை ஒப்பிடுங்கள்.

கேபிள் ஏன் இவ்வளவு படுத்துகிறது? கம்பியின் தடிமனைச் சொல்வது கேஜ் எண்; எண் குறைந்தால் கம்பி தடிமன். 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜரில் கிளம்பும் 5 வோல்ட், போனுக்கு வந்து சேரும்போது 4.16. போன் அதை உணர்ந்து இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 கேஜ் கம்பியில் இழப்பு 0.34 வோல்ட்தான். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். செயலியில் எண் 400, 500-ஐத் தாண்டாமல் நின்றால், டேட்டா கம்பி இல்லாத கேபிளாக இருக்கலாம். சார்ஜர் எந்த வகை என்று தெரியாமல் போன் 500 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்கிறது.

இன்னும் துல்லியம் வேண்டுமானால், சார்ஜருக்கும் போனுக்கும் நடுவே செருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் யுஎஸ்பி மீட்டர் வாங்கலாம். அதில் ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் 10 வாட். அதே 2 ஆம்பியர் 9 வோல்ட்டில் 18 வாட். இரண்டையும் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். மீட்டரைச் சார்ஜர் முனையிலும் போன் முனையிலும் மாற்றி வைத்து, வோல்ட் வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் மின்தடை, இணைப்பிகளின் தடையும் சேர்ந்து, கிடைக்கும். இரண்டு அளவிலும் சார்ஜர் தரும் வோல்ட் நிலையும் (5-ஆ, 9-ஆ என்பது) ஆம்பியரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் கணக்கு சரி.

சில போன்கள் சார்ஜ் ஏறும்போது மைனஸ் எண் காட்டும், இரட்டை பேட்டரி போன்கள் சில பாதியை மட்டும் காட்டும். ஒரே போனுக்குள் ஒப்பிட அது தடையில்லை. போன் கம்பெனியின் சொந்த வேகச் சார்ஜ் முறையோ, நடுவே மீட்டர் செருகினால் சில நேரம் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கே மீட்டரைக் கழற்றிவிட்டுச் செயலியையே நம்புங்கள்.