மத்தளக் காசும் மண்டப வாடகையும்: சிறு கலை அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழாக் காலம். கனடாவிலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர், நாங்கள் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கும் மண்டபத்துக்கு ஒரு மாலை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் இருந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முந்தைய ஆண்டு தம் தகப்பனாரின் திவசத்தை முன்னிட்டு இரண்டு மத்தளம் வாங்கப் பணம் அனுப்பியவர் அவர். "தம்பி, அப்பாவின் பெயரில் வாங்கிய மத்தளம் எது? ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்போது பொருளாளர் நான். அந்தக் காசு மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

யாரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. எல்லாம் பிள்ளைகளுக்குத்தான் செலவானது. இருந்தும் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கொடுப்பவர் காசை மட்டும் கொடுப்பதில்லை, ஒரு சொல்லையும் சேர்த்தே கொடுக்கிறார். நாங்கள் காசைப் பத்திரமாக வைத்தோம், சொல்லைத் தவறவிட்டோம். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த சிறு கலை மன்றங்கள் பலவற்றின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

இதைத் தவிர்க்க வங்கியில் பத்துக் கணக்குகள் திறக்க வேண்டியதில்லை. காசேட்டில் ஒரு நிரல் கூடுதலாகக் கோடு போட்டால் போதும். திகதி, தந்தவர், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'எதற்காக' என்று ஒரு நிரல். 'மத்தளம்' என்று எழுதிய காசு மத்தளம் வாங்கும்வரை அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். வங்கியில் இரண்டு இலட்சம் இருக்கிறது என்று பொருளாளர் கூட்டத்தில் சொல்லும்போது, அதில் எவ்வளவு ஏற்கெனவே பெயர் எழுதப்பட்ட காசு, எவ்வளவு பொதுக்காசு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாடகை கட்ட வழியில்லாமல் மத்தளக் காசைத் தொட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், தொடுவதற்கு முன்பு தந்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். செலவழித்த பிறகு சொல்லும் அதே இரண்டு வரி, எவ்வளவு பணிவாக எழுதினாலும், சாக்குப்போக்காகவே படும்.

நாங்கள் அடுத்த தைப்பொங்கலுக்குள் இரண்டு மத்தளங்களையும் வாங்கிவிட்டோம். படத்தையும் கடையின் பற்றுச்சீட்டையும் அவருக்கு அனுப்பினோம். அவர் நன்றி என்று ஒரு சொல் எழுதினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து காசு வரவில்லை.

வெளிநாட்டுப் பணம்

நான் பார்த்த அளவில், வடக்கில் இளைஞர் கலைக்கு வரும் உதவியில் பெரும்பங்கு புலம்பெயர்ந்தோரிடமிருந்தே வருகிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், பிறந்தநாள், அந்தியேட்டி நினைவு என்று வழிகள் பல. வேகம் கருதி இந்தப் பணத்தைச் செயலாளரின் சொந்தக் கணக்குக்கு வாங்குகிறோம், அல்லது உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்துக் கைமாறும் வழியில், வரவிடுகிறோம். இரண்டும் தவறு. உண்டியலில் வந்த காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிச் சான்று இராது. சொந்தக் கணக்கில் விழுந்த காசு வங்கியின் கண்ணில் அந்த ஆளின் காசு. அவருக்கு நாளை ஒரு நோயோ விபத்தோ நேர்ந்தால், பிள்ளைகளின் உடுப்புக் காசைக் கேட்டு அவர் மனைவியின் முன்னே போய் நிற்க வேண்டிவரும்.

லண்டனிலுள்ள சங்கம் வங்கிக்கூற்றையும் பற்றுச்சீட்டுகளையும் கேட்டால் எங்களில் பலர் மனம் நோகிறார்கள். "எங்களை நம்பவில்லையா?" என்கிறார்கள். அங்குள்ள முறையைத் தெரிந்துகொண்டால் இந்த மனக்கசப்பு வராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டும் அறக்கட்டளை பொதுவாக அறக்கொடை ஆணைக்குழுவில் பதிவுசெய்ய வேண்டும். பணம் வெளிநாட்டில் செலவானாலும், அது சொன்ன நோக்கத்துக்கே செலவானதா என்பதற்கு அதன் அறங்காவலர்களே பொறுப்பு. சுன்னாகத்தில் வாங்கிய துணிக்கு நீங்கள் அனுப்பாத பற்றுச்சீட்டு, அங்கே ஒருவரைக் கேள்விக்குள்ளாக்கும். கேட்கும் முன்பே அனுப்பிவிடுவது மரியாதை.

நாணயமாற்று விகிதத்தையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைக் கடந்தது. 2023 நடுப்பகுதியில் 300ஐ ஒட்டி இறங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் ரூபாயில் திட்டம் போட்டவர்களுக்குத் துணியும் எரிபொருளும் எட்டாமற் போயின. டொலரில் பெற்றவர்களுக்கு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது, ஆனால் அந்த மேலதிகம் யாருடையது என்று உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை. அந்த வரியை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: விகிதம் மாறினால் கூடுவதையோ குறைவதையோ யார் ஏற்பது, எத்தனை நாளுக்குள் அறிவிப்பது என்று.

ஒருவரின் தோளில் எல்லாம்

ஒவ்வொரு மன்றத்திலும் ஒருவர் இருப்பார். மண்டபத் திறப்பு அவரிடம், காசோலைப் புத்தகம் அவரிடம், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் அவரிடம். இரவு பகலாக ஓடுபவரும் அவர்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் போருக்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தில் பல ஊர்களில் மேடையே இருந்திராது. அவர்மீது அன்பிருந்தால் அவருடைய சுமையைப் பகிர வேண்டும். காசோலைக்கு இரண்டு கையொப்பம் என்று விதி வையுங்கள். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருக்கக் கூடாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுக்கும் பழக்கம் எங்களூரில் சாதாரணம். அப்படிச் செய்தால் இரண்டாவது கையொப்பத்துக்குப் பொருளே இல்லை.

நிர்வாக சபையில் போசகர், காப்பாளர், ஆலோசகர் என்று பெரிய பெயர்களை நிரப்புவதும் வழக்கம். விழாவுக்கு மாலை போட அது உதவும். கணக்கைப் பார்க்க உதவாது. ஏழு பேர் போதும், அவர்கள் கூட்டத்துக்கு வருபவர்களாக இருக்க வேண்டும். மன்றத்தின் யாப்பில் நிறைவெண், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டியவர்கள், எத்தனை என்று எழுதி, அது சேராத நாளில் தீர்மானம் எடுக்காதீர்கள்.

ஓர் இக்கட்டான இடம் அண்ணாவியாரின் சம்பளம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரே சபையிலும் இருப்பார். அவருக்கு மாதம் எவ்வளவு என்று பேசும்போது அவர் எதிரில் யார் வாய் திறப்பார்? எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு வெளியே வந்து முணுமுணுப்பார்கள். அவருக்கும் அது அவமானம். அந்த விடயம் வரும்போது அவர் எழுந்து வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். 'அவர் வெளியேறிய பின் முடிவு எடுக்கப்பட்டது' என்று கூட்டறிக்கையில் எழுதுங்கள். ஊர் வாய்க்கு அந்த ஒரு வரி பதில் சொல்லும். சபை உறுப்பினரின் கடையில் உடுப்புத் தைப்பதற்கும் இதே முறைதான்.

பதிவு பற்றிச் சுருக்கமாக: ஒரு பிரதேச செயலர் பிரிவுக்குள் மட்டும் இயங்குவதா, 15 பிரிவுகள் கொண்ட யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் இயங்குவதா என்பதை முதலில் தீர்மானியுங்கள், பதிவுசெய்யும் இடம் அதைப் பொறுத்தது. தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகவும் (உறுப்பினர்கள் தாம் உறுதியளித்த தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கும் கம்பனி) பதியலாம். அடுத்த ஊர்க்காரர் கம்பனி என்றார் என்பதற்காக நாமும் கம்பனியாகி, ஆண்டறிக்கை அனுப்ப ஆளில்லாமல் தவிப்பதைக் கண்டிருக்கிறேன். முப்பது பிள்ளைகளும் ஒரு மண்டபமும் என்றால் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் பேசித் தொடங்குங்கள்.

யாரும் தர விரும்பாத செலவு

விழாவுக்குக் காசு கிடைக்கும், மின்கட்டணத்துக்குக் கிடைக்காது. அதனால் விண்ணப்பங்களில் வாடகையையும் கணக்காய்வாளர் கட்டணத்தையும் மறைக்கிறோம், பிறகு மத்தளக் காசைத் தேடுகிறோம். எங்கள் மன்றத்தில் நடந்ததும் இதுதான். இப்போது ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தத் திட்டத்துக்குரிய வாடகைப் பங்கு எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேட்கிறோம். சிலர் மறுக்கிறார்கள். மூன்று மாத வாடகையைச் சேமிப்பில் வைத்திருந்தால் அந்த மறுப்பைத் தாங்கலாம்.

உதவி கேட்கும்போது பிள்ளையின் வறுமையைப் படமாக்காதீர்கள். 'தகப்பன் இல்லாத பிள்ளை' என்ற குறிப்போடு முகம் தெரியும் படம் வெளிநாட்டுக்குப் போய், அது சுற்றிவந்து அந்தப் பிள்ளையின் வகுப்பு நண்பியின் தொலைபேசியில் விழுந்ததை நான் அறிவேன். அவள் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. மேடையில் ஆடும் படம் போதும், அதற்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பழக்குபவர் எவரும் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதியும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் மண்டபச் சுவரில் இருக்கட்டும்.

இளைஞர் மன்றம் என்று பெயர், சபையில் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்ற நிலையும் மாற வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைக் காசோலையில் கையொப்பமிட வைக்க முடியாது. ஆனால் அவர்களுக்கென ஒரு குழுவும், அவர்களே முடிவெடுத்துச் செலவழிக்கச் சிறு தொகையும் கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது ஒப்பனைப் பொருட்களுக்கான காசு. மூன்று கடைகளில் விலை கேட்டு, எண்பது பக்கக் கொப்பியில் ஒப்பிட்டு எழுதி, மிச்சம் முந்நூற்று இருபது ரூபாயைப் பற்றுச்சீட்டோடு திருப்பித் தந்தார்கள். அந்தக் கொப்பியில் 'எதற்காக' என்ற நிரலைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டிருந்தார்கள்.