பரிசாக மைப்பேனா வாங்குவதற்கு முன்

விலையுயர்ந்த மைப்பேனாவைப் பரிசளிக்க நினைப்பவர், கடைக்குப் போவதற்கு முன் அதைப் பெறப்போகிறவரின் கையெழுத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. பொடி எழுத்தாக நெருக்கி எழுதுபவரிடம் தடித்த நிப்பைக் கொடுத்தால், சுழிகள் மையால் அடைபட்டு, எழுதியது ‘ண’வா ‘ன’வா என்றே தெரியாமல் போய்விடும். ஜப்பானியப் பேனாக்களின் ‘ஃபைன்’ முனை, ஐரோப்பியப் பேனாக்களின் ‘ஃபைன்’ முனையைவிடப் பொதுவாக மெல்லியது என்பதால், அத்தகையவருக்குப் பைலட், செய்லர் போன்றவையே பொருந்தும்.

மாண்ட்பிளாங்க் மைஸ்டர்ஸ்டக் 149 பேனாவின் நிப் 18 காரட் தங்கம்தான். எனினும் தாளில் உரசுவது முனையில் பற்றவைக்கப்பட்ட கடினமான உலோகக் கலவைத் துளி. தங்கத்துக்காக மட்டும் கூடுதல் விலை தருவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலும் அதன் உடல் பருமனானது. சிறிய கைகளுக்கு அது சுமையாகலாம். நிப்பில் காணப்படும் 4810 என்ற எண் மாண்ட்பிளாங்க் மலையின் உயரத்தை மீட்டரில் குறிப்பது. போலிகளிலும் அதைப் பொறிக்கிறார்கள் என்பதால், அங்கீகாரம் பெற்ற கடையில் உத்தரவாத அட்டையுடன் வாங்குவதே பாதுகாப்பு. கையால் கடைந்த பேனாதான் வேண்டுமென்றால், திருவள்ளூரின் ரங்கா நிறுவனம் எபோனைட்டில் (கெட்டியாக்கிய ரப்பரில்) செய்யும் பேனாக்களையும் பார்க்கலாம்.

பெயர் பொறித்த பேனாவைக் கடைக்காரர் மாற்றித் தர மாட்டார். நிப் பிடித்திருக்கிறது என்று உறுதியான பிறகே பொறிக்கச் சொல்லுங்கள்.

பேனாவுடன் ஒரு புட்டி மையும் சேர்த்துக் கொடுங்கள். ஓவியர்களின் இந்தியன் இங்க் மட்டும் கூடவே கூடாது; அதிலுள்ள அரக்கு உள்ளே உலர்ந்து மை வரும் வழியை அடைத்துவிடும்.