பரவைக்கடலில் ஃப்ளை தூண்டில்: வெளிநாட்டில் இருந்து என்ன எடுப்பிப்பது

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ சொந்தக்காரர் லீவில் வரப் போகிறார் என்றால், "உனக்கு என்ன கொண்டுவர?" என்று ஒரு கேள்வி வரும். ஃப்ளை தூண்டில் (இறகும் மயிரும் முள்ளில் கட்டிய 'ஃப்ளை' என்ற பொய் இரையை வீசிப் பிடிப்பது) பழக ஆசைப்படுகிற எங்கள் வன்னிப் பெடியள் அப்போதுதான் என்னிடம் வருவார்கள். இந்தச் சாமான்களை கிளிநொச்சிக் கடைகளிலோ முல்லைத்தீவுக் கடைகளிலோ நான் கண்டதில்லை. வருகிறவர் திரும்ப எப்போது வருவார் என்றும் தெரியாது. அதனால் சொல்லிவிடுவதை வடிவாகச் சொல்லிவிட வேண்டும். என் முடிவு இதுதான்: காசை லைனிலும் கண்ணாடியிலும் போடுங்கள். தடி நடுத்தரமாக இருந்தால் போதும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கோ வீச்சுக்குப் போதிய பாரம் இல்லை. இங்கே தடித்த லைன்தான் பாரம். அது பறந்து போகிற வேகத்தில்தான் ஃப்ளையும் போய்ச் சேரும். அந்தப் பாரத்தைத்தான் இலக்கமாகச் சொல்கிறார்கள். 8ஆம் இலக்க லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 13.6 கிராம், 9ஆம் இலக்கத்தில் 15.5 கிராம். தடி, லைன், றீல் மூன்றும் ஒரே இலக்கத்தில் இருக்க வேண்டும். பொதுவாக 8 போதும். சோளகம் (தென்மேல் காற்று) நேரே முகத்தில் அடிக்கிற பூநகரி, மன்னார்ப் பக்கத்து ஆட்கள் 9 எடுங்கள்.

அடுத்தது முக்கியம். கனடாக் கடையில் சும்மா "ஃப்ளை லைன்" என்று கேட்டால் குளிர்ந்த ஆற்றுத் தண்ணிக்குச் செய்த லைனைத்தான் தருவார்கள். அது எங்கள் வெயிலில் இளகி, பசைபிடித்து, தடியின் வளையங்களில் ஒட்டும். "ட்ராபிக்கல் சோல்ட்வாட்டர், மிதக்கிறது" என்று எழுதியே அனுப்புங்கள். அதன் நடுநூலும் மேற்பூச்சும் வெக்கைக்குத் தாங்குகிற மாதிரி விறைப்பாகச் செய்திருப்பார்கள். வாங்குகிறவர் அந்தக் குளிரில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சுருள் சுருளாய் நிக்குது மச்சான், பழுதுபோல" என்று போன் எடுப்பார். பழுதில்லை, அதுதான் சரியான லைன் என்று சொல்லுங்கள்.

கண்ணாடி போலரைஸ்ட் (தண்ணியின் மினுக்கத்தை மறைப்பது) ஆக இருக்க வேண்டும், செம்புநிறம் அல்லது பழுப்பு. பரவைக்கடலில், அதாவது களப்பில், தண்ணி முழங்கால் அளவுதான், அடியில் மணலும் சாதாழை என்கிற கடற்புல்லும். அந்தப் பின்னணியில் மீனின் நிழலைப் பிரித்துக் காட்டுவது செம்புநிறம். சாம்பல்நிறம் ஆழக்கடலுக்கு நல்லது. காற்றில் திரும்பி வருகிற தூண்டில் முள்ளில் இருந்து கண்ணைக் காப்பதும் இந்தக் கண்ணாடிதான். கண்ணாடி இல்லாமல் ஒரு வீச்சுக்கூட வீசாதீர்கள்.

தடி 9 அடி, நான்கு துண்டாகக் கழற்றுவது. ஒரு துண்டு 70 சென்ரிமீற்றர் அளவில் வரும், சூட்கேசுக்குள் அடங்கும். றீலில் பார்க்க வேண்டியது, மீன் ஓடும்போது லைனை இறுக்கிப் பிடிக்கிற பிரேக்கைத்தான். உப்பும் மணலும் போகாமல் முழுக்க மூடிய பிரேக் வேண்டும். லைனுக்குப் பின்னால் 20 அல்லது 30 இறாத்தல் தாங்குகிற மேலதிக நூல் (பேக்கிங்) 150 மீற்றராவது கொள்ள வேண்டும். நல்ல பாரை ஓடத் தொடங்கினால் லைன் முழுக்க நொடியில் போய்விடும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையில் கட்டுகிற தங்கூசி) பற்றிச் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். அவர்கள் பஹாமாசில், பெலீசில் போன்ஃபிஷ் பிடிக்கிறார்கள். அது வெருளுகிற மீன், வெட்டுகிற பல்லில்லை, அதனால் மெல்லிய நுனி. எங்களுக்கு வருவது பாரை, கட்டா, கண்டல் ஓரத்தில் கொடுவா. கொடுவாயின் வாய் அரம்போல உரசும், செவுள் மூடி வெட்டும். ஆகவே 9 அடி லீடர், நுனியில் ஒரு முழம் 40 இறாத்தல் தாங்குகிற ஃப்ளோரோகார்பன் தங்கூசி. பல்லால் அறுக்கிற சீலா திரிகிற இடமென்றால் மெல்லிய கம்பி.

ஃப்ளையை இங்கேயே கட்டலாம். நான் கட்டுவது பெரும்பாலும் க்ளௌசர் மினோ என்ற வகை. 1980களில் அமெரிக்காவில் பொப் க்ளௌசர் ஆற்று மீனுக்குக் கட்டியது, இப்போது உலகமெல்லாம் கடலிலும் ஓடுகிறது. அதன் ஈயக்கண் முள்ளை மேல்நோக்கித் திருப்பி வைக்கும், சாதாழையில் சிக்காது. மான்வால் மயிருக்குப் பதில் வெள்ளாட்டின் நீள மயிர் நன்றாக வருகிறது, சேவல் இறகும் உதவும். தெளிந்த தண்ணிக்கு வெள்ளை, மழை கலக்கிய தண்ணிக்குக் கறுப்பு. முள் நுனியில் பின்னோக்கி நிற்கிற சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் இலகு, காதில் குத்தினால் எடுப்பதும் இலகு.

இனி இறங்குவது. கண்ட இடத்தில் இறங்காதீர்கள். மிதிவெடிப் பலகை உள்ள காணிப் பக்கமே போக வேண்டாம், தொழிலாளர் நடக்கிற பாதையில் மட்டும் நடவுங்கள். களங்கட்டி வலை (தடி நட்டுக் கட்டியது) எங்கே நிற்கிறது, முதலை உண்டா என்று அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேளுங்கள். அது அவர்களுடைய சீவியம், நாங்கள் பொழுதுபோக்குக்குப் போகிறோம். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அந்த எல்லைக்குள் தூண்டிலோடு போகக் கூடாது. காலில் தடித்த அடிச் சப்பாத்து வேண்டும். சேற்றுக்குள் துருப்பிடித்த இரும்பும் முள்ளுக்கம்பியும் இன்னும் கிடக்கிறது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில் காலை வைத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

காலம் பார்த்தால், பங்குனி சித்திரையில் காற்று குறைவு, தண்ணி தெளிவு. சோளகத்தில் விடியப்புறமே போய், காற்று எழும்ப முதல் திரும்பிவிடுவது நல்லது. வலது கையால் வீசுகிறவருக்குக் காற்று வலது தோளில் அடித்தால் மீனுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சில் லைனை விடுங்கள். 12 மீற்றர் நேராகப் போனால் மீன் பிடிபடும். தூரத்துக்கு ஆசைப்படுகிறவர்தான் மீனை வெருட்டுகிறார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பட்டியால் கட்டி, இழுக்கிற லைனை அதற்குள் விட்டால் காலில் சுற்றாது.

பாரைக்கு வேகமாக இழுங்கள், கொடுவாய்க்கு இழுத்து, நிறுத்தி, இழுங்கள். மீன் கடித்ததும் தடியைத் தூக்கும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். தடி மீனை நோக்கியே இருக்க, லைனைக் கையால் நீளமாக ஒரு இழுவை. அப்போதுதான் முள் இறங்கும். தூக்கினால் ஃப்ளை வாயை விட்டு வெளியே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள். கரையோரக் கிணறு பல உவர், அதில் கழுவிப் பயனில்லை. நல்ல தண்ணிக் கிணற்றில் ஒரு வாளி எடுத்து, றீலை அதற்குள் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். குழாயால் பீச்சி அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். ஊறியதும் பிரேக்கைத் தளர்த்தி, நிழலில் காய வையுங்கள். லைனை மெல்லிய சவர்க்காரத் தண்ணியில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சுற்றுங்கள்.