பார்வை கூடுகிறது, டாலர் குறைகிறது: ஆட்சென்ஸ் தளங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை மாதாமாதம் ஏறும்போது கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வழி வருமானம் இறங்கினால், பலரும் முதலில் செய்வது கூகுளைச் சந்தேகிப்பது. அடுத்து செய்வது, இன்னும் நான்கு விளம்பரங்களைச் சொருகுவது. இரண்டுமே தவறு. எந்த நாட்டிலிருந்து, எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்கள் என்று பிரித்துப் பார்க்காதவரை காரணம் பிடிபடாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரிட்டன், கனடா வாசகர்களின் 10,000 பார்வைக்கு ஆர்பிஎம் (ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் வருமானம்) 5 டாலர், இந்திய வாசகர்களின் 40,000 பார்வைக்கு அரை டாலர் என்றால், மொத்தம் 70 டாலர். அடுத்த மாதம் வெளிநாட்டுப் பார்வை 5,000 ஆகக் குறைந்து, இந்தியப் பார்வை 70,000 ஆகக் கூடினால், கிடைப்பது 60 டாலர்தான். பார்வை 50,000-லிருந்து 75,000 ஆகியும் பத்து டாலர் போய்விட்டது. ஆட்சென்ஸ் அறிக்கையை நாடுவாரியாகத் திறந்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தளத்தைப் பகுதிவாரியாகப் பார்க்க யூஆர்எல் சேனல்களை (குறிப்பிட்ட பக்க முகவரிகளின் வருமானத்தைத் தனியாகக் காட்டும் ஆட்சென்ஸ் வசதி) இப்போதே உருவாக்கி வையுங்கள். உருவாக்கிய நாளுக்கு முந்தைய கணக்கை அவை காட்டாது. 'இன்றைய தங்கம் விலை' போன்ற பக்கங்களுக்குக் கூட்டம் அள்ளும். ஆனால் விலையைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார்கள். கீழே உள்ள விளம்பரங்கள் திரைக்கே வராது.

தமிழ்த் தளங்கள் அதிகம் கோட்டை விடுவது ஐரோப்பிய ஒப்புதல் விஷயத்தில். 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே போன்றவையும்), பிரிட்டன் வாசகர்களிடம் அவர்களின் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்த, கூகுள் சான்றளித்த கருவி மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும். அதே ஆண்டு ஜூலை 31 முதல் சுவிட்சர்லாந்துக்கும் இது பொருந்தும். கேட்காவிட்டால் வரம்புக்குட்பட்ட விளம்பரங்கள்தான் (வாசகருக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படாதவை) வரும், அவற்றுக்கு விலை குறைவு. லண்டன், பாரிஸ், ஆஸ்லோ, சூரிச் தமிழர்கள் படிக்கும் தளத்துக்கு இது பெரிய அடி. ஆட்சென்ஸின் 'பிரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியிலேயே இலவசக் கருவி இருக்கிறது. அதை இயக்கியபின், வேர்ட்பிரஸில் வேகத்துக்காகப் போட்ட பிளக்இன் அந்தக் கருவியின் ஸ்கிரிப்டைத் தள்ளிப்போடுகிறதா என்று பாருங்கள். 'டிலே ஜாவாஸ்கிரிப்ட்' வசதி, வாசகர் திரையைத் தொடும்வரை விளம்பர நிரலையும் நிறுத்தி வைத்துவிடும். பிளக்இனின் விலக்குப் பட்டியலில் ஒப்புதல் கருவி, ஆட்சென்ஸ் இரண்டின் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தால் சரியாகும்.

விளம்பரத்தைக் கூட்டினால் காசு கூடும் என்பதும் நிலைக்காது. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ், கிளிக்குக்குப் பதிலாக விளம்பரம் காட்டப்படுவதற்கே பணம் தருகிறது. அதற்காகக் காட்டினால் போதும் என்று நினைக்கக் கூடாது. குறைந்தது பாதிப் பரப்பு ஒரு நொடி திரையில் இருந்தால்தான் அது 'பார்க்கப்பட்ட' விளம்பரம். அப்படிப் பார்க்கப்படும் விகிதம் சரிந்தால் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் விளம்பரதாரர்கள் கேட்கும் விலையும் சரியும். மொபைலில் கட்டுரையின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால் அது பெட்டர் ஆட்ஸ் (வாசகரைத் தொந்தரவு செய்யாத விளம்பரங்களுக்கான தொழில்துறைத் தரநிலை) விதிக்கு முரண். தொடர்ந்து மீறும் தளங்களில் குரோம் விளம்பரங்களையே மறைத்துவிடும். விகிதம் குறைந்த இடங்களை எடுத்துவிட்டு, மீதமுள்ள ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரத்தைப் பக்க வடிவமைப்பு நிரலான சிஎஸ்எஸ்ஸில் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் விளம்பரம் வரும்போது எழுத்து குதிக்கும், வாசகர் எரிச்சலில் வெளியேறுவார்.

ஜனவரியை டிசம்பரோடு ஒப்பிட்டுப் பதறவும் வேண்டாம். பண்டிகைச் செலவு முடிந்ததும் விளம்பர விலை இறங்குவது வழக்கம். போன ஆண்டு ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றியவர்கள் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு (தளத்தின் விளம்பர இடங்களை விற்க யாருக்கு அனுமதி என்று சொல்வது) முதன்மை டொமைனின் வேர் முகவரியில், அதாவது டொமைன் பெயருக்கு நேர் பின்னால், திறக்கிறதா, உள்ளே இருக்கும் பப்ளிஷர் எண் தங்களுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும். எண் தவறினால் பலர் உங்கள் இடத்துக்கு ஏலமே கேட்கமாட்டார்கள். திருத்தியபின் ஆட்சென்ஸில் நிலை மாறச் சில நாள் ஆகும், சிறிய தளங்களுக்கு ஒரு மாதம்வரைகூட.

சரிவை ஈடுகட்ட டெலிகிராம் குழுக்களில் 'டிராஃபிக்' வாங்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். செல்லாத பார்வை என்று கண்டறியப்பட்டால் மாத இறுதியில் பிடித்தம் வரும், கணக்கே முடக்கப்படலாம். முடங்கிய கணக்கைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டு வாரமாவது விட்டு, அதே கிழமைகளின் நாடுவாரி ஆர்பிஎம்மோடு ஒப்பிட்ட பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.