தொங்கு பிர்ச் உச்சியிலிருந்து காய்வது ஏன்? நடும்போதே நேரும் தவறுகள்

வெள்ளைத் தண்டும் தரைவரை தொங்கும் மெல்லிய கிளைகளுமாக நர்சரியில் நிற்கும் பிர்ச்சை வாங்கி வருபவர்களில் பலர், அதை நேராக முன்வாசல் புல்தரையின் நட்டநடுவில் நட்டுவிடுகிறார்கள். கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் இந்த மரம் அற்பாயுளில் போவதற்கு இடத்தேர்வே முதல் காரணம். பிர்ச்சுக்குத் தலையில் வெயில் வேண்டும், காலடியில் குளிர்ச்சி வேண்டும். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பரவுவதால், மண் சூடானாலோ காய்ந்தாலோ அடி உடனே விழுகிறது. கான்கிரீட் பாதை ஓரமும், தெற்கு பார்த்த செங்கல் சுவரோரமும் ஆகவே ஆகாது. வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில், பிற்பகல் வெயில் மண்ணில் படாத இடமாகப் பாருங்கள்.

வாங்கும்போதே ரகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளாததும் ஒரு தவறுதான். 'யங்கி' (Youngii) ரகத்துக்கு உச்சி நோக்கிப் போகும் நடுத்தண்டு கிடையாது. சாதாரண வெள்ளி பிர்ச் தண்டின் மேல் ஒட்டுக்கட்டிக் குடைபோல வளர்க்கிறார்கள். ஒட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் கிளைகள் தொங்கும். 'டிரிஸ்டிஸ்' அப்படியல்ல, நடுத்தண்டு நேராக ஏறி 15 மீட்டரைத் தாண்டும், பக்கக் கிளைகளின் நுனி மட்டும் தொங்கும். சிறிய தோட்டத்துக்கு என்று நினைத்து டிரிஸ்டிஸை வாங்கிவிட்டு, பிற்பாடு உச்சியை வெட்டுகிறவர்கள் உண்டு. உச்சியை வெட்டிய பிர்ச் தேறுவது அரிது. இந்த மரத்துக்குப் பெரிய வெட்டுக் காயங்களை மூடி ஆற்றும் திறன் குறைவு. அழுகல் உள்ளே இறங்கிவிடும்.

ஒட்டு ரகம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே தண்டிலிருந்தோ வேரடியிலிருந்தோ நிமிர்ந்து வளரும் துளிர்கள் அடிமரத்தினுடையவை. தொங்காத அந்தக் கிளைகள் வீரியமானவை. நாலைந்து வருடம் விட்டால் தொங்கும் தலையை அமுக்கிவிடும். பென்சில் பருமன் ஆவதற்குள் தண்டோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள்.

நடும்போது குழியை ஆழமாகத் தோண்டுவது நம் கை வழக்கம். இங்கே அகலம்தான் முக்கியம்: வேர்க்கட்டியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம், ஆழமோ வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டியில் வந்த மரங்களில் அந்த இடம் பல சமயம் சில சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைந்திருக்கும். விரலால் கிளறிப் பார்த்த பிறகே நட வேண்டும். மண் சற்றுப் புளிப்புத் தன்மையாக, பி.எச். 5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை வெளிறும். அதைப் பார்த்து யூரியா அள்ளிப் போடுவதால் பயன் இல்லை.

தண்ணீர்க் கணக்கு எளிது. 25 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். வாரம் அந்த அளவு மழை பெய்யாவிட்டால் நீங்கள் ஊற்ற வேண்டும். புதிதாக நட்ட மரத்துக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வாரத்துக்கு 40 லிட்டர் போல மெதுவாக, மண் 30 செ.மீ. நனையும்படி விடலாம். தினமும் பத்து நிமிடம் புல்லுக்குத் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர் தண்ணீர் புல்லோடு போய்விடும். வளர்ந்த மரத்தையும் கோடை வறட்சியில் கைவிடக் கூடாது. தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்காவது புல்லை அகற்றி, மரச்சீவல் மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனத்தில் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட வேண்டும். தண்டைச் சுற்றிக் கோபுரம்போல் குவித்தால் பட்டை அழுகும், எலியும் குடிபுகும். களைக்கொல்லி கலந்த புல் உரத்தை வேர் பரவிய பரப்பில் போடவே கூடாது.

இவ்வளவும் எதற்கு என்றால், பிர்ச்சின் எமன் ஒரு வண்டு. வெண்கலப் பிர்ச் துளைப்பான் என்ற இது வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்குள்ள பிர்ச் இனங்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய வெள்ளி பிர்ச்சால் முடியாது. நாம் நடும் தொங்கு ரகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியப் பிர்ச்சின் வழிவந்தவை. கோடைத் தொடக்கத்தில் வெளிவரும் வண்டு, வெயில் படும் பட்டையின் விரிசல்களில் முட்டையிடும். புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, இலையிலிருந்து வேருக்குச் சத்து இறங்கும் பாதையை அறுத்துவிடும். திடமான மரம் புழுவைச் சுற்றித் திசுவை வளர்த்து அதை நசுக்கும். வாடிய மரத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது. உச்சி இலைகள் மெலிந்து மஞ்சளாவது முதல் அறிகுறி. பட்டையில் ஆங்கில எழுத்து 'D' வடிவில் சிறு துளை இருந்தால் சந்தேகமே வேண்டாம். தலையில் பாதி காய்ந்த பிறகு மருந்துக்குச் செலவழிப்பது வீண்.

கவாத்தில்தான் பலர் வண்டை வரவேற்கிறார்கள். மே முதல் ஜூலை வரை வெட்டினால் புதுக் காயத்தின் வாடை வண்டை இழுக்கும். பனி உருகும் நாட்களில் வெட்டினால் சாறு வடியும். இலை உதிர்ந்த பின், கடுங்குளிருக்கு முன் வெட்டுவதே நல்லது. காய்ந்ததையும் உரசுவதையும் எடுத்தால் போதும். உயிருள்ள கிளைகளில் கால்பங்குக்கு மேல் கூடாது. தொங்கும் நுனிகளைக் கிண்ணம் கவிழ்த்து முடி வெட்டியதுபோல் ஒரே மட்டமாக நறுக்கினால் அடுத்த ஆண்டு நுனியெல்லாம் துடைப்பமாகும். ஒவ்வொரு கிளையையும் வெவ்வேறு உயரத்தில், வெளிப்புறம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டுங்கள்.

வெள்ளைப் பட்டையை உரிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இமயத்தில் சுவடி எழுதப் பயன்பட்ட பூர்ஜபத்திரமும் இதன் உறவுமரத்தின் பட்டைதான். ஆனால் நம் தோட்டத்து மரத்தில் இழுத்து உரித்த இடம் கறுத்துத் தழும்பாகவே நிற்கும்.

வண்டுத் தொல்லை உள்ள ஊரில் தொங்கு மரம்தான் வேண்டும் என்றால், ஆற்று பிர்ச்சின் 'சம்மர் கேஸ்கேட்' ரகத்தைப் பாருங்கள். பட்டை பனிபோல் வெளுத்திருக்காது, இளம்பழுப்பாகச் சுருளும். ஆற்று பிர்ச்சை இந்த வண்டு பெரும்பாலும் அண்டுவதில்லை. பிரிட்டனில் இந்த வண்டு இல்லாததால் அங்கே யங்கியைத் தாராளமாக நடலாம்.

வண்டு விழுந்த கிளையை வெட்டிய பின், விறகுக்கு என்று பட்டையோடு அடுக்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழு அடுத்த மே மாதம் வண்டாகி அந்த அடுக்கிலிருந்தே பறக்கும். ஏப்ரலுக்குள் சீவலாக்கிவிடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.