கொரோனா காலத்தில் கொச்சியில் இறங்கிப் பொள்ளாச்சி போன கதை

2021 ஆகஸ்ட் நடுவில் துபாயிலிருந்து கொச்சி வழியாக ஊருக்குப் போய் வந்தேன். பெட்டியில் என்ன வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அப்போது பார்க்க வேண்டியிருந்தது கொரோனா பரிசோதனையின் மணிக்கணக்கு.

இந்தியாவுக்கு விமானம் ஏற 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை முடிவு வேண்டியிருந்தது, அதை ஏர் சுவிதா என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கொச்சியில் மறுபடி சாம்பிள் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், சிரமமே இல்லை. சிக்கல் மாநில எல்லையில்தான். ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய இ-பதிவோடு (இணையத்தில் பயணத்தைப் பதிவது) 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர், அல்லது இரண்டு கொரோனா தடுப்பூசியும் போட்டு 14 நாள் ஆன சான்று வேண்டியிருந்தது. எனக்கு இரண்டாவது ஊசி போட்டு 11 நாள்தான் ஆகியிருந்தது. பரிசோதனைத் தாளை வாங்கிய காவலர், சாம்பிள் எடுத்த நேரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணி, "76 மணி நேரம் ஆச்சுங்க" என்றார். துபாயில் விமானம் ஏறும்போது செல்லுபடியான அதே தாள்தான். சேலம், ஈரோடு போனவர்களுக்கும் இதே கதிதான், சாம்பிளை விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கொடுத்திருக்க வேண்டும். மங்களூர் பக்கம் போனால் இன்னும் கடுமை, கேரளத்திலிருந்து வருகிறவர் இரண்டு ஊசி போட்டிருந்தாலும் கர்நாடகம் அப்போது ஆர்டிபிசிஆர் கேட்டது.

பாலக்காட்டுக்குத் திரும்பி ஒரு லேபில் சாம்பிள் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை டாக்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா ஐந்து முறை கூப்பிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு நான் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், மறுநாளே போட வேண்டுமாம். கடைசியில், "அப்பனுக்குத்தான் வரல, இதுக்காவது சொன்ன நேரத்துக்கு வரக்கூடாதா?" என்றார்.

அப்பா போனது அந்த வருடம் மே மாதம். ஏப்ரல் 24 இரவோடு இந்தியாவிலிருந்து யுஏஇக்குள் (ஐக்கிய அரபு அமீரகம்) பயணிகள் வருவது நின்றுபோயிருந்தது. ஊருக்குப் போக யாரும் தடுக்கவில்லை, போனால் திரும்பி வர முடியாது, வேலை போய்விடும். கொள்ளி வைத்ததை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்ல?

துபாய்க்குத் திரும்பும்போது ஜிடிஆர்எஃப்ஏ என்ற துபாய் குடிவரவுத் துறையின் அனுமதி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த, கியூஆர் கோடு உள்ள ஆர்டிபிசிஆர், அப்புறம் விமான நிலையத்திலேயே சீக்கிரம் முடிவு தரும் ரேபிட் பிசிஆர், மூன்றும் வேண்டியிருந்தது. அதனால் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கொச்சிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இன்னொன்று, வீட்டில் இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லாதீர்கள். நான் மதியம் இரண்டு மணி என்று சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது இரவு பதினொன்று. அம்மா அதுவரை சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.