ரிப்போர்ட் நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை

பச்சைக் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் புரோத்ராம்பின் டைம், ஏ.பி.டி.டி. எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே நார்மல். சரி, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் பாருங்கள், இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை.

இப்படிப்பட்ட குழந்தைக்கு ஃபேக்டர் 13 என்ற ரத்தம் உறைதலுக்கான புரதம் குறைவாக இருக்கலாம். இந்தக் குறைபாடு அபூர்வமானது, சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்பார்கள். வழக்கமான பரிசோதனைகள் ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடும். ஃபேக்டர் 13-க்கு வேலை அதற்கு அப்புறம்தான். உறைந்த கட்டியில் இருக்கும் ஃபைப்ரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவது அதுதான். கூரைக்கு ஓலை பரப்பியாயிற்று, இழுத்துக் கட்டத்தான் கயிறு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி நேரத்துக்கு உருவாகிவிடும், ரிப்போர்ட்டும் அழகாக வரும், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அது கரைந்து மறுபடி ரத்தம் வரும். பல் பிடுங்கிய அன்று நின்றது, மறுநாள் தலையணையெல்லாம் ரத்தம் என்று வீட்டில் யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடாதீர்கள், அந்த ஒரு வரி பல நேரம் ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும். சொந்தத்தில் கல்யாணமா என்பதையும் கேட்க வேண்டும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் கடுமையாக வரும் என்பதால், அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

அடுத்த தவறு அவசரத்தில் நடப்பது. முதலில் பிளாஸ்மாவை (தானம் பெற்ற ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றிவிட்டு, அப்புறம் சாம்பிள் எடுப்பார்கள். ஃபேக்டர் 13 உடம்பில் பாதியாகக் குறையவே 9 முதல் 14 நாள் ஆகும், அதனால் அடுத்தவர் கொடுத்த ஃபேக்டரை அளந்துவிட்டு குழந்தைக்குக் குறைபாடே இல்லை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. ஏற்றுவதற்கு முன்பே ஒரு நீல மூடி டியூபில் எடுத்து வைத்துவிடுங்கள். யூரியா கரைசலில் கட்டி கரைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்புவதும் சரியில்லை, ஃபேக்டர் அநேகமாகச் சுத்தமாக இல்லாதபோதுதான் அதில் தெரியும், ஓரளவு குறைவு என்றால் தப்பிவிடும், அளவையே சொல்லும் சோதனை தேவை. இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இந்தக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசிகிறது. கண்டுபிடித்துவிட்டால் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஃபேக்டர் ஏற்றியே அதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஏ.பி.டி.டி. நீண்டுவிட்டால் உடனே பயப்படுவது. நீல டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் வைக்கும் திரவம்) என்பது கணக்கு, பாதி டியூப் நிரப்பி அனுப்பினாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போன நரம்புக் குழாயிலிருந்து எடுத்தாலும் நேரம் நீளும், ஆகவே முதலில் புது சாம்பிள். அதிலும் நீண்டால்கூட ரத்தம் கொட்டும் என்று அர்த்தமில்லை. ஃபேக்டர் 12 என்ற இன்னொரு உறைதல் புரதம் இல்லாதவர்களுக்கு டியூபில் ரத்தம் உறையவே உறையாது போலிருக்கும், ஆனால் காயத்தில் சாதாரணமாக நிற்கும். 1955-இல் இது முதலில் விவரிக்கப்பட்டது ஜான் ஹேஜ்மன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளியிடம். அவர் 1968-இல் எலும்பு முறிந்து படுத்திருந்தபோது இறந்தார், ரத்தப்போக்கால் அல்ல, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து.